நகமும் மீன் துண்டும்

நகத்துக்கு எந்தக் குளிசை நல்லது என்று போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் கேட்டாள். நான் ஓய்வு பெற்றபின் என் பகுதியைப் பொறுப்பெடுத்த மருத்துவமாது அவள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற எங்களை ஊர் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். கிளினிக்குக்கு வருகிற இளம் பெண்கள் புத்தளம் பார்மசியில் விற்கிற ஏதோ நகக் குளிசையின் படத்தைக் கைபேசியில் காட்டி, இதை விழுங்கலாமா என்று கேட்கிறார்களாம். "அந்தக் காலத்துல நீங்க என்ன மிஸ்ஸி சொல்லுவீங்க?" என்றாள். அந்தக் காலமாம்! நான் பென்ஷனுக்கு வந்து முழுசாக நாலு வருடம் ஆகவில்லை. வந்த கோபத்தில், முதலில் அந்தப் பிள்ளை நேற்று என்ன சாப்பிட்டாள் என்று கேள், குளிசையைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். வைத்த பிறகுதான் மனம் உறுத்தியது. அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்கவே நான் பழகியது வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் கழித்து. அதுவும் ஒரு பெரிய பிழை விட்ட பிறகு. அதை மறைத்துக்கொண்டு அவளுக்குப் புத்தி சொல்வது நியாயமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் உடப்பு என்கிற கடற்கரை ஊர்க்காரி. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றரை வருடம் படித்தேன், விடுதிச் சோற்றில் இளைத்தேன், சிங்களத்தில் பதிவேடு எழுதப் பழகினேன், கல்பிட்டிப் பக்கம் நியமனம் கிடைத்தது. குறிஞ்சிப்பிட்டியை ஒட்டிய நாலைந்து கிராமங்கள் என் பொறுப்பு. முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டி. சண்டைக் காலத்தில் காவலரண்களில் பையைத் திறந்து தராசையும் தடுப்பூசிப் பெட்டியையும் காட்டிக் காட்டியே பாதிக் காலை போய்விடும். சண்டை முடிந்த பிறகு தடைகள் போயின, ரோட்டுப் போட்டார்கள், நுரைச்சோலையில் மின் நிலையப் புகைபோக்கி எழும்பியது. எனக்குத் தலைக்கனமும் அந்தக் காலத்தில்தான் ஏறியது. எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது பிள்ளை, யாருக்கு எத்தனையாவது மாதம் என்று கொப்பியைத் திறக்காமலே சொல்வேன். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தாமல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, நாலு வீட்டு விசாரணையைக் கால் மணித்தியாலத்தில் முடிப்பேன். அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் டொக்டர் இரேஷா எங்கள் சுகாதார அலுவலகத்துக்கு அதிகாரியாக வந்தார். மலைப்பக்கத்துச் சிங்களப் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. தமிழை ஒரு சின்னக் கொப்பியில் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துக் கதைப்பார். வினைச்சொல்லின் வால் பாதி நேரம் அறுந்துபோகும். ஆனால் அவர் ஒருநாளும் கர்ப்பிணியின் பதிவட்டையை முதலில் பார்த்ததில்லை. கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, வருகிறவளின் இரண்டு கைகளையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். உள்ளங்கை, விரல், நகம். நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார். கைப்பையில் நகத்தை அளக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் அடிமட்டம் இருக்கும், ஸ்பிரிட்டில் துடைத்துத்தான் வைப்பார். அதற்குப் பிறகுதான் அட்டை. ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரம் எடுத்தால் வரிசை எப்போது முடியும் என்று நான் உள்ளுக்குள் முணுமுணுப்பேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். "அட்டையில நீங்க எழுதின இருக்கும். கையில அவங்க எழுதின இருக்கும்" என்றார். சின்னப் பெண்ணுக்கு வந்த வாயைப் பார் என்று நினைத்தேன்.

ஃபஸீனாவின் விஷயம் அந்த வருடத்தில் நடந்தது. சண்டையில் இடம்பெயர்ந்து வந்திருந்த அவளுடைய உம்மாவும் வாப்பாவும் அது முடிந்ததும் மன்னார்ப் பக்கம் தங்கள் பழைய காணிக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். இவள் இங்கேயே கலியாணம் முடித்தவள் என்பதால் புருஷன் வீட்டில் தங்கினாள். புருஷன் றியாஸ் கடற்றொழில். மாமி சபூரா உம்மா, வீட்டுக்கு வருகிறவர்களைத் தேத்தண்ணி குடிக்காமல் அனுப்பாத மனுஷி. மருமகளை ஒரு சுடுசொல் சொன்னதாக நான் கேட்டதில்லை. முதல் பிள்ளை, ஐந்தாம் மாதம் தொடங்கியிருந்தது.

அந்த வீட்டில் றியாஸின் தங்கை நஸ்ரினாவுக்குக் கலியாணம் நடந்தது. அது முடிந்து ஒரு கிழமை இருக்கும், நான் வாசலில் ஸ்கூட்டியில் நின்றபடி விசாரித்துக்கொண்டிருந்தேன். சபூரா உம்மா வேலியோரம் வந்து, மருமகளின் நகமெல்லாம் தாள் தாளாகப் பிரிகிறது, கிரந்தியாக இருக்குமோ என்று கேட்டார். சொறியும் தடிப்பும் கொண்டுவரும் சாப்பாட்டை எங்கள் கடற்கரை முழுக்கக் கிரந்தி என்றுதான் சொல்வோம். இறால், நண்டு, சூரை, கத்தரிக்காய் எல்லாம் அந்தக் கணக்கு. வைத்தியப் புத்தகத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. ஆனால் என் வாயில் இருந்தது. "இருக்கும், இருக்கும். கொஞ்ச நாளைக்கு இறால் நண்டை நிப்பாட்டிப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கலியாண வீட்டுக்கு வெங்காயம் உரித்ததும், நாள் முழுக்கச் சவர்க்காரத் தண்ணீரில் சட்டி கழுவியதும்தான் அந்த நகம் பிரியக் காரணம் என்று இறங்கி நின்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு வந்த மாதங்களில் டொக்டர் வேறு பக்கக் கிளினிக்குகளுக்குப் போயிருந்தார், நான்தான் பார்த்தேன். மாதாமாதம் அவளுடைய எடை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், எழுதினேன், சத்துமாப் பக்கற்றைக் கையில் கொடுத்தேன். மீன் சாப்பிடுகிறாயா என்று கேட்டால், "ஓம் மிஸ்ஸி, மீன் ஆணம் தின்ற" என்பாள். ஆணம் என்றால் அவர்கள் பேச்சில் கறி. கடற்றொழில் வீடு, மீனுக்கா பஞ்சம் என்று நானும் மீன் என்ற இடத்தில் ஒரு சரி போடுவேன்.

எட்டாம் மாதத்துக் கிளினிக்குக்கு அவள் நஸ்ரினாவோடு வந்தாள். புதிதாகக் கலியாணம் முடித்தவர்களையும் அன்றைக்குத்தான் பதிகிறோம். டொக்டர் வழக்கம்போல ஃபஸீனாவின் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நகத்தின் மேல்பாதியில் மருதோன்றிச் சிவப்பு. கீழ்ப்பாதியில் புதிதாக வளர்ந்த நகம், மெல்லியதாக, வெளிறி. எப்போது போட்டது என்று கேட்டார். நஸ்ரினாதான் பதில் சொன்னாள், தன் கலியாணத்துக்கு, எல்லாரும் ஒரே நாளில், ஒரே கிண்ணத்திலிருந்து. கலியாணம் முடிந்து மூன்றரை மாதம் ஆகியிருந்தது. டொக்டர் நஸ்ரினாவின் கையையும் கேட்டு வாங்கி, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நஸ்ரினாவின் சிவப்பு நுனியில் ஒரு பிறைக்கீற்றாக மட்டும் மிச்சம், இன்னொரு தடவை நகம் வெட்டினால் அதுவும் போய்விடும். ஃபஸீனாவுடையது பாதி வழியில் நிற்கிறது. அடிமட்டத்தை வைத்து அளந்தார்.

"மிஸ்ஸி, வயித்துல பிள்ளை இருந்தா நகம் கூட வேகமா வளர வேணும். இது ஏன் நிண்ட?" என்றார்.

நான் மருதோன்றி போட்ட ஆயிரம் கைகளைப் பார்த்தவள். அதில் நாள் எழுதியிருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். நகம் புரதத்தால் ஆனது. சாப்பாட்டில் புரதம் காணாவிட்டால் உடம்பு இருப்பதை அவசரமான இடங்களுக்கு அனுப்பிவிடும், நகத்துக்கும் முடிக்கும் கடைசியில்தான் முறை வரும். அதற்காக நகம் மெலிந்ததெல்லாம் புரதக் குறைவு என்று தீர்மானிக்கக் கூடாது, இரும்புச்சத்து, தைரொயிட், தண்ணீர் வேலை, பூஞ்சணம் என்று வேறு நிறையக் காரணம் உண்டு என்றும் அப்போதே சொன்னார். ஆனால் எடையும் நிற்கிறது, வயிறும் மாதத்துக்குச் சிறியது. மூன்றும் ஒன்றாக வந்தால் பேசாமல் இருக்க முடியாது. பிள்ளை வளரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். ஃபஸீனா எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சிறுநீரைப் பார்க்கச் சொன்னார். புரதம் வெளியே போகிறதா, இல்லை உள்ளேயே வரவில்லையா என்பது முதலில் தெரிய வேண்டும் என்றார். சோதனைக் குழாயைச் சரித்துப் பிடித்து, மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினேன். புரதம் போனால் அந்த இடம் பால் மாதிரிக் கலங்கும். கலங்கவில்லை, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அப்படியென்றால் உள்ளே வரவில்லை. நான் அவசரமாகக் கொப்பியைத் திறந்து, மாதாமாதம் மீனுக்கு நேரே போட்ட சரிகளைக் காட்டினேன். அவர் கொப்பியை மூடி என் கையிலேயே தந்துவிட்டு, இரத்தத்துக்கு எழுதிக் கொடுத்தார். "சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போவம்" என்றார்.

ஒன்றரை மணிக்குப் போனோம். சபூரா உம்மா முன் அறையில் கதிரை போட்டார். டொக்டர் அனுமதி கேட்டுக்கொண்டு நேரே குசினிக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். கொப்பியும் இல்லை, பேனையும் இல்லை. நேற்று என்ன சமைத்தது என்று கேட்டார். பாரை ஆணம், முருங்கைக் கீரை, சோறு. யார் முதலில் சாப்பிட்டது? கடலுக்குப் போய் வந்த ஆண்கள், பிறகு இங்கேயே தங்கியிருக்கிற நஸ்ரினாவின் புது மாப்பிள்ளை. புது மாப்பிள்ளைக்கு நடுத்துண்டு வைக்காமல் இருக்க முடியுமா, வீட்டு மரியாதை அது. பிறகு சபூரா உம்மாவின் சின்னப் பிள்ளைகள், நஸ்ரினா. கடைசியில் மாமியும் மருமகளும். கடைசியில் சட்டியில் என்ன இருந்தது? இன்றைக்கும் அப்படித்தான் என்று சபூரா உம்மா சட்டியையே எடுத்துக் காட்டினார். ஆணம் இருந்தது. ஒரு தலை இருந்தது. அதைத் தான் சாப்பிடுவதாகவும் மருமகளுக்கு உள்ளிப்பூண்டு கூடப் போட்ட ஆணத்தை மட்டும் ஊற்றுவதாகவும் சொன்னார். துண்டு கொடுப்பதில்லை, கிரந்தி. முட்டை? சூடு. பருப்பு? வாய்வு. சத்துமா? அதை உருண்டை பிடித்துப் பிள்ளைகளுக்கு.

டொக்டர் குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், துண்டு கொடுக்க வேண்டாம் என்று யார் சொன்னது என்று கேட்டார்.

சபூரா உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. நல்ல பெயர் வாங்கித் தருகிற மாதிரிதான் சொன்னார். "நீங்கதானே மிஸ்ஸி சென்னீங்க, கிரந்தின்டு. அன்டைலேந்து ஒரு துண்டு நான் குடுக்கல்ல."

நான் சொன்னது இறாலும் நண்டும் மட்டும்தான். அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம், பொய்யாகவும் இருந்திருக்காது. ஆனால் அப்படிச் சொன்னால் பழி அந்த மனுஷியின் தலையில் விழும். அதைவிட, மிஸ்ஸி சொன்னது சரி என்ற நினைப்பு அந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் ஃபஸீனாவின் சோற்றுக் கோப்பைக்குத் துண்டு வராது. பிழை என்று சொன்னாலோ, நாளைக்குக் கிராமம் முழுக்க என் பேச்சை யார் கேட்பார்கள்? இருபது வருடம் சேர்த்த பெயர். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அந்தப் பெயர்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஃபஸீனா சுவரோரம் வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். அந்த வயிறு எட்டு மாதத்து வயிறு மாதிரி இல்லை.

"நான் பிழையாச் சொல்லிட்டேன் உம்மா. கையைக்கூடப் பாக்காமச் சொன்னது. கிரந்தியும் இல்ல, ஒண்டும் இல்ல. இவவுக்குத் துண்டு குடுங்கோ, முதல் துண்டு குடுங்கோ" என்றேன். சபூரா உம்மா மிஸ்ஸிமார் பிழை விடுவார்கள் என்று அதற்கு முன் யோசித்ததே இல்லை போல, சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஜீப்பில் அலுவலகத்துக்குத் திரும்பினோம். இறங்கும்போது டொக்டர், இனி நான் தனியாகப் போவது நல்லது, தானும் வந்தால் அந்த வீட்டுக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிடும் என்றார். அலுவலகப் புத்தகத்தில் என்னைப் பற்றி என்ன எழுதுவாரோ என்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் பார்த்தால், உணவு விசாரிக்கும் முறை மாற்றப்பட்டது என்று, என் பெயரே இல்லாமல், ஒரே ஒரு வரி. அவர் மேல் எனக்கிருந்த கடுப்பெல்லாம் அன்றோடு போயிற்று.

இரத்த முடிவு வந்தது, புரதமும் இரும்பும் இரண்டுமே குறைவு. இரும்புக் குளிசைக்கு டொக்டர் ஏற்பாடு செய்தார். சாப்பாடு என் வேலை. கிழமைக்கு இரண்டு தரம், சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன், ஸ்கூட்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு. கிரந்தி என்பதே பொய் என்று சபூரா உம்மாவோடு நான் வாதாடவில்லை. வாதாடினால் நான்தான் தோற்பேன். அவருடைய கணக்கிலேயே எந்த மீன் குற்றமில்லாதது என்று கேட்டேன். பாரை, முரல், நெத்தலி என்றார். போதுமே, அதிலிருந்தே தொடங்கினோம். பருப்புக்குப் பெருங்காயமும் உள்ளியும் போட்டு வாய்வைச் சமாளித்தோம். காலையில் பாணோடு அவித்த பயறு. முட்டைக்கு மட்டும் இரண்டு கிழமை பேரம் பேச வேண்டியிருந்தது. சத்துமாவைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் அலுமாரியில் வைக்கச் சொன்னேன்.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்க, ஃபஸீனா கோப்பையில் இருந்த துண்டை மெல்ல எடுத்து மூடியிருந்த சட்டிக்குள் திருப்பிப் போட்டாள். எனக்கு வந்த கோபத்தில் நன்றாக ஏசிவிட்டேன். உனக்காக நான் வெயிலில் அலைகிறேன், நீ யாருக்கு மிச்சம் பிடிக்கிறாய் என்று. அவள் அழுதாள். இத்தனை மாதத்தில் ஓம் மிஸ்ஸி என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அன்றைக்குத்தான்.

"என்ட உம்மாட வீட்டில ஈந்தா கேட்டு வாங்கித் திம்பேன் மிஸ்ஸி. இங்க எப்படிக் கேக்கிற? துண்டு காணாதுன்டா கடலால வாற அவருக்கு இல்லாமப் போயிரும்."

குறுக்கே யாரும் தடுக்கவில்லை, கொடுக்கவும் மனமிருக்கிறது, ஆனாலும் கை நீட்ட அந்தப் பிள்ளைக்கு வெட்கம். இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அதற்குப் பிறகு நான் ஏசவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தேன். எடை மெல்ல ஏறத் தொடங்கியது.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது, அதையும் தர்ஷினிக்குச் சொல்லத்தான் வேண்டும். ஃபஸீனாவுக்குப் பிறகு எனக்கு எந்த நகத்தைப் பார்த்தாலும் புரதக் குறைவுதான். ஐஸ் போட்ட இறால் உரிக்கப் போகிற ஒரு பெண்ணின் நகம் மஞ்சளாகத் தடித்திருந்தது. நான் உடனே மீன், முட்டை, பயறு என்று ஒரு சொற்பொழிவு நடத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தினம் இரண்டு முட்டையும் ஒரு சட்டி இறாலும் சாப்பிடுகிறேனே மிஸ்ஸி என்றாள். டொக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பூஞ்சணம். ஈரக் கையோடு நாள் முழுக்க நின்றால் வரும். வயிறாரச் சாப்பிடுகிறவள் மேலும் மேலும் சாப்பிட்டால் நகம் இரும்பாகிவிடாது. அந்தக் குளிசைக்காரப் பிள்ளைகளுக்கும் இதுதான் பதில்.

ஃபஸீனாவுக்கு நாள் தப்பாமல் வலி வந்தது. புத்தளத்து ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை. அட்டையைப் பார்த்தேன், இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அதற்குக் கீழே போனால் எடை குறைந்த பிள்ளை என்று எழுத வேண்டும். கொஞ்சம்தான், ஆனால் மேலே. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நாற்பது நாள் பத்தியம் இருக்கிறதே. வயிற்றில் பிள்ளை என்பதற்காகக் கொடுத்தார்கள், இனித் துண்டை நிறுத்திவிட்டால்? பால் கொடுக்கிற உடம்புக்கு இன்னும் கூடத் தேவை. என் ஒரு மன்னிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

சபூரா உம்மா பிள்ளையைக் கையில் வைத்திருந்தார். முகத்தில் சின்னக் கீறல். பிறக்கும்போதே நகம் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருக்கிறது, முகத்தைப் பிறாண்டுகிறது, என்ன செய்வது என்று முறைப்பாடு சொன்னார். நான் அந்தக் கையை விரித்துப் பார்த்தேன். மாதம் நிறைந்த பிள்ளையின் நகம், அரிசி முனையளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு. சந்தோசத்தில் அழுதுவிட்டேன். நகம் வளர்ந்ததற்கு யாராவது அழுவார்களா மிஸ்ஸி என்று அந்த மனுஷி என்னைக் கேலி பண்ணினார். அப்போது குசினியில் யாரோ சட்டியைத் திறக்கிற சத்தம். நான் கேட்க வந்த கேள்வியை இன்னும் கேட்கவில்லை, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உள் அறையில் கட்டிலில் இருந்து ஃபஸீனா குரல் கொடுத்தாள். மெதுவான குரல்தான், ஆனால் வாசல் வரைக்கும் கேட்டது.

"மாமி, எனக்கு இன்னொரு துண்டு வைங்கோ."

சபூரா உம்மா பிள்ளையை என் கையில் தந்துவிட்டு எழுந்து போனார்.